நான் திருத்திய ஒரு சொல்

கல்லூரியில் இருபத்தைந்து ஆண்டுகள் கணினியியல் கற்பித்தவள் நான். கோப்பைத் திறப்பது, எழுதுவது என்னும் பாடத்தில் என் மாணவர் எவரும் தவறியதில்லை. அப்பாடத்தில் நான் தவறியதுண்டு என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அக்கா, சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையின் மாடியிலிருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில் படித்தாள். தேர்வில் தேறினால் அங்கேயே வேலை; தவறினால், மனைவியை இழந்திருந்த ஆனேக்கல் மாமாவுக்குத் தையில் அவளைக் கட்டிக்கொடுப்பது என்பது அப்பாவின் தீர்ப்பு. எங்கள் தெரு வாசகசாலையிலிருந்த புத்தகங்களின் பெயர்களையெல்லாம், தேர்வில் காட்டுவதற்காக, மூன்று மாதங்களாகத் தட்டச்சு செய்து ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தாள். அவளிடம் இருந்தது ஒரே டிஸ்க்.

தேர்வன்று என்னையும் அழைத்துச் சென்றாள். "பாப்பா, எதையும் தொடாதே. தொட்டே, கைய முறிச்சிடுவேன்," என்று சிரித்துவிட்டுத் தேர்வாளரை அழைக்கப் போனாள்.

திரையில் அவள் எழுதிய நிரல். கோப்பைத் திறக்கும் வரியில் 'அப்பெண்ட்' என்றிருந்தது. மேசைமேல் விரிந்திருந்த பாடநூலிலோ 'அவுட்புட்'. வகுப்பில் முதலாவதாக வருபவளுக்கு ஐயம் எப்படி எழும்? அக்காவின் பிழையைத் திருத்தி, நிரலை ஓடவிட்டேன். பெயர் கேட்டது, என் பெயரைக் கொடுத்தேன். பின்னாளில்தான் தெரிந்தது: அவள் எழுதிய சொல், பட்டியலின் கடைசியில் சேர்க்கச் சொல்வது. நான் எழுதியது, இருப்பதை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்வது. இயந்திரம் ஒரு வார்த்தைகூட எச்சரிக்கவில்லை; கோப்பில் எஞ்சியது என் பெயர் மட்டும். தொட்டது தெரிந்துவிடக் கூடாதே என்று சொல்லைப் பழையபடி மாற்றிவிட்டு, நல்ல பிள்ளையாக வெளியே பெஞ்சில் போய் அமர்ந்தேன்.

பட்டியல் எங்கே என்று தேர்வாளர் கன்னடத்தில் கேட்பது உள்ளிருந்து காதில் விழுந்தது. "ஏனம்மா, லிஸ்ட் எல்லி?"

விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு அக்கா சொன்னாள்: "டிஸ்க் கெட்டுப்போச்சு சார்."

வீட்டிலும் அதையேதான் சொன்னாள். "அப்பவே சொன்னேனே, மிஷினை நம்பாதேன்னு," என்ற அப்பா மாமாவுக்கு ஆள் அனுப்பினார். தையில் அக்கா ஆனேக்கல்லுக்குப் போனாள். டிஸ்க்கை நானும் பல நாள் திட்டியிருக்கிறேன்.

தேர்வு முடிந்து திரும்பிய பேருந்தில், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி அக்கா கேட்டாள்: "உன் பேரை நல்லா டைப் அடிக்கிறியே பாப்பா. யாரு கத்துக்குடுத்தா?"

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

"நீதான்க்கா," என்றேன், பெருமையாக.