தென்னாற்காடு என்று தேடினேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினெட்டு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். தினமும் சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் போய் பாசஞ்சரில் திரும்புவேன். போன பங்குனியில் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. ஆபீசை மூடிவிட்டு மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். எனக்கு வேலை போனது.

என் கணவர் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வெல்டர். அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தார், மாதம் இரண்டு முறை வருவார். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

"இங்க பேக்கிங்ல லேடீஸ் எடுக்குறாங்க. பொண்ணுக்கு டிசி வாங்கிடு. எல்லாரும் இங்கயே இருந்துடலாம்."

பெண் பத்தாவது எழுதி முடித்திருந்தாள். அதே பள்ளியில் பயாலஜி குரூப் எடுப்பது என்று அவள் எட்டாவதிலேயே முடிவு கட்டியவள். எனக்கும் போக இஷ்டமில்லை. எனக்கென்று தெரிந்த வேலை ஒன்று இருக்கும்போது, முப்பத்தொன்பது வயதில் போய்ப் பெட்டி ஒட்ட நான் தயாராக இல்லை. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன்.

"ஸ்கூல் தொறக்குற வரைக்கும் டைம் குடுங்க. வீட்லேர்ந்தே வேலை புடிச்சுக் காட்டுறேன். இல்லன்னா நானே டிசி வாங்கிகிட்டு வந்து நிக்கிறேன்."

"பாரு," என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த அவநம்பிக்கை எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கை பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வேலை போடுகிற தளம் ஒன்றில் என் பெயரைப் பதிந்தேன். 'தமிழ் டைப்பிங்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்தது. பாதி, முதலில் பணம் கட்டச் சொல்லும் திருட்டு வேலை. மீதி, சினிமாவுக்கு சப்டைட்டில், விளம்பரத்துக்குக் குரல், தமிழ் பேசும் யோகா டீச்சர். இரண்டு நாள் அதைப் படித்தே கண் எரிந்தது. மூன்றாம் நாள்தான் ஃபில்டர் என்று ஒன்று இருப்பதைப் பார்த்தேன். வேண்டிய சொற்களைக் கொடுத்து வைத்தால் போதும், பொருந்துகிற வேலை வந்தவுடன் போனுக்குத் தகவல் வரும்.

அங்கேதான் என் புத்தியைக் காட்டினேன். பத்திர ஆபீசில் வளர்ந்த கை எதையும் பாதியில் விடாது. நிலம் என்று மட்டும் எழுதிவிட்டு நாங்கள் எழுந்து போகமாட்டோம். அதிலுள்ள கிணறு, கிணற்றிலுள்ள மோட்டார், மோட்டாருக்கான கரண்ட் இணைப்பு, வரப்பில் நிற்கும் தென்னை, நடைபாதை உரிமை என்று ஒன்று விடாமல் எழுதுவோம். விட்டுப்போன ஒரு சொல்லால் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே பழக்கத்தில் தமிழ், டைப்பிங், பத்திரம், நிலம், மொழிபெயர்ப்பு, சட்டம், பட்டா, கையெழுத்துப் பிரதி, கடலூர், சிதம்பரம் என்று பதினாறு சொற்களை ஆங்கிலத்தில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே ஃபில்டரில் போட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

பதினோரு நாள் போன் வாயே திறக்கவில்லை. உலகத்தில் நமக்கு வேலையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் உதவிப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தபோதுதான் தெரிந்தது. நான் தேர்ந்தெடுத்திருந்த முறையில் பதினாறு சொற்களும் ஒரே விளம்பரத்தில் இருந்தால்தான் தகவல் வருமாம். அப்படி ஒரு விளம்பரத்தை என்னைத் தவிர யாரும் எழுதமாட்டார்கள். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். இரண்டிரண்டு சொல்லாகப் போட்டு, எந்த ஜோடி எந்த மாதிரி வேலையைக் கொண்டுவருகிறது என்று எழுதினேன். குப்பையைக் கொண்டுவரும் சொற்களை விலக்கும் பட்டியலில் சேர்த்தேன். சப்டைட்டில் வேண்டாம், குரல் வேண்டாம், யோகா வேண்டவே வேண்டாம். சமையல் முடிந்து பெண் டிவி பக்கம் போனதும் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து வரை இதுதான் வேலை. பக்கங்கள் குறைந்தன. வருகிற வேலைகள் எனக்குத் தெரிந்த வேலைக்கு நெருங்கி வந்தன, ஆனால் கையில் சிக்கவில்லை. ஒன்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. பள்ளி திறக்க எட்டு நாள் இருந்தது. பெண் வாயால் எதுவும் கேட்கவில்லை, பழைய யூனிபார்மை மட்டும் தோய்த்துக் காயப்போட்டாள். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் லேப்டாப்பைத் திறந்தேன்.

பத்தாவது விண்ணப்பத்தோடு மாதிரிப் பக்கம் ஒன்று இணைக்கலாம் என்று, பழைய பத்திரத்தின் முதல் வரியை மனப்பாடமாக டைப் அடித்தேன். 'தென்னாற்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுகா' என்று வந்ததும் கை நின்றது. கடலூர் மாவட்டம் என்பது நேற்று வந்த பெயர். அதற்கு முந்தைய பத்திரம் ஒவ்வொன்றிலும் இருப்பது தென்னாற்காடு. அந்தக் காலத்தில் ஊரை விட்டு வெளிநாடு போனவர்களின் பிள்ளைகளுக்குக் கடலூர் என்ற சொல் எங்கிருந்து தெரியும்? கையிலுள்ள காகிதத்தில் இருப்பதைத்தானே எழுதுவார்கள். ஆயிரம் முறை அடித்த சொல் என் பதினாறில் இல்லாமல் போயிருந்தது.

'சவுத் ஆர்க்காடு' என்று அந்த ஒன்றை மட்டும் போட்டேன். ஒரே ஒரு வேலை வந்தது. மலேசியாவில் பினாங்கில் இருக்கும் ஒரு பல் டாக்டரம்மா மூன்று வாரம் முன்பு போட்டது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பழைய காகிதங்கள் இருக்கின்றன, ஆங்கில முத்திரையில் சவுத் ஆர்க்காடு என்று மட்டும் தெரிகிறது, தனக்குத் தமிழ் படிக்க வராது, படித்து ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். பத்திரம் என்றோ நிலம் என்றோ டைப்பிங் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏற்கெனவே இருபது பேர் கேட்டிருந்தார்கள். நான் இருபத்தொன்றாவது.

பரீட்சைக்கு ஒரு பக்கம் அனுப்பினார். கரையான் அரித்த, கூட்டெழுத்தில் எழுதிய கிரயப் பத்திரம். நான்கு எல்லைகளோடும் ஒரு மணி நேரத்தில் எழுதி அனுப்பினேன். எழுத்து அழிந்த இரண்டு இடத்தில் ஊகிக்காமல் 'படிக்க முடியவில்லை' என்றே போட்டேன். அதைப் பார்த்துத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதினார். மற்றவர்கள் எல்லாரும் அந்த ஓட்டையில் ஏதோ ஒன்றைத் துணிந்து எழுதியிருந்தார்களாம். மொத்தம் நூற்றுப் பத்து ஆவணம், ஒவ்வொன்றும் நாலைந்து பக்கம், ஆறு மாத வேலை.

கணவருக்குப் போன் போட்டேன். ஜெயித்த திமிர் எனக்கு நன்றாகவே இருந்தது, மறைக்கவில்லை.

"டிசி வாங்கல. வாங்கவும் மாட்டேன். வேலை கெடச்சிடுச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்த்துப் பேசுவார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர், "அப்ப நீங்க வரப்போறதில்ல," என்றார்.

"இல்லங்க."

"சரி." பின்னால் யாரோ தட்டு கழுவும் ஓசை கேட்டது. "இந்த ரூம்ல ஏழு வருஷம் ஆவுது. நீங்க வருவீங்கன்னு ஓனர்கிட்ட பெரிய வீடு சொல்லி வச்சிருந்தேன்."

இத்தனை நாள் நோட்டில் எத்தனையோ சொற்களை எழுதிப் பார்த்த நான், இந்த மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"அந்த வேலை தேடுறதுல எனக்கும் போட்டுப் பாரேன்," என்றார்.

"இன்னா போடணும்?"

"வெல்டர்னு போடு. வீட்டுக்குக் கிட்டக்கன்னு போடு. வேற ஒண்ணும் போடாத."