யாரும் மிதிக்காத ஆக்ஸிலேட்டர்

அப்பா ஹாரன் அடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக் கிளம்பும்போது அம்மா புடவை மடிப்பை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டு நின்றால், வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணி வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதிப்பார். உர்ரென்று ஏறும், தணியும், மறுபடி ஏறும். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அம்மா ஓடுவாள். வரதராசன்பேட்டையில் எங்கள் தெருவுக்கே அதுதான் பூசை மணி.

அப்பா மாரடைப்பில் போன பிறகு கார் முந்திரி மரத்தடியில் நின்றது. பேட்டரி செத்துவிடக் கூடாதென்று அம்மா அவ்வப்போது சாவியைத் திருகிவிட்டு இறங்கி நிற்பாள். மழைக்காலத்தில் ஒரு நாள் அப்படி நாங்கள் இருவரும் வெளியே நிற்க, ஆளில்லாத கார் உறுமியது. ஏறியது, தணிந்தது, மறுபடி ஏறியது. எட்டிப் பார்த்தேன், சீட் காலி. நான் வாசற்படிக்கு ஓடிவிட்டேன். அம்மாவோ தன்னையறியாமல் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவின் அக்கா ஏலாக்குறிச்சி மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து பானெட் முழுக்கத் தெளித்தாள். கார் அதற்கெல்லாம் மசிகிறதாயில்லை. சாயங்காலமானால் பிள்ளைகள் எங்கள் வாசல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். நானே பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பேயை நம்பாதவர். செல்போனில் வீடியோ பார்த்தே எதையும் கழற்றி மாட்டிவிடுவார். காரை விற்றுவிடலாம் என்று அவர்தான் முடிவு கட்டினார். ஆண்டிமடத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக ஏற்பாடு. அம்மா வேண்டாமென்றாள். ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்குக்கா என்றார் மாமா.

சனிக்கிழமை மாமா பானெட்டைத் திறந்து உட்கார்ந்தார். என்ஜினுக்குக் காற்று போகிற த்ராட்டிலில் படிந்திருந்த கரியை ஸ்ப்ரே அடித்துத் துடைத்தார். உறுமல் நிற்கவில்லை. பிறகுதான் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. அதன் வழியே வேண்டாத காற்று புகுந்தால் என்ஜின் தானே ஏறி இறங்குமாம். வெடித்த நுனியை வெட்டியெறிந்துவிட்டு, குழாயை மாட்டி, கிளிப்பைப் போட்டார். கார் அடங்கி ஒரே சீராக ஓடியது.

"பாத்தியாக்கா, மச்சானும் இல்ல, பேயும் இல்ல. எல்லாம் இந்தக் குழாய்தான்" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா குனிந்து அந்தக் குழாயையே வெகுநேரம் பார்த்தாள்.

மறுநாள் விடிகிற நேரம். அரைத்தூக்கத்தில் இருந்த என் நெற்றியில் ஒரு கட்டைவிரல் மெதுவாகச் சிலுவை போட்டது. பெட்ரோல் வாடை அடித்தது. அப்பா வெளியூர் கிளம்பும் நாட்களில் தூங்குகிற எனக்கு அப்படித்தான் போட்டுவிட்டுப் போவார். கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து கண்ணாடியில் பார்த்தால் நெற்றியில் கருப்பாக ஒரு சிலுவை. சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுகிற சாம்பல் புதன் போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லாமல், முன்முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு பூசைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது ஆண்டிமடத்துக்காரர் காத்திருந்தார். மாமா பெருமையாகச் சாவியைத் திருகிவிட்டு இறங்கினார். கார் உறுமியது. ஏறியது, தணிந்தது, மறுபடி ஏறியது. வந்தவர் காலி சீட்டைப் பார்த்தார். தெருவில் ஏதோ கேள்விப்பட்டுத்தான் வந்திருப்பார் போல.

"வேணாங்க. வண்டிக்காரரு இன்னும் எறங்கல" என்று சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

மாமா பானெட்டைத் திறந்தார். குழாய் கழன்று கிடந்தது. கிளிப்பை யாரோ பத்திரமாக ஓரத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். மாமா குழாயைத் தொட்டுக் கருப்பான தன் விரலைப் பார்த்தார். காற்றில் முடி விலகிய என் நெற்றியைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

"எலி இழுத்திருக்கும்க்கா" என்று பானெட்டை மூடினார். அதன்பிறகு அவர் விற்கிற பேச்சையே எடுக்கவில்லை.

அப்பா வந்துட்டுப் போனாரு மாமா என்று அவர் காதில் சொன்னேன். ஆமாம் பாப்பா என்று தலையாட்டினார். அம்மா வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, காரின் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். அவளுக்குக் குளிருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.