குளத்துக்குள் போன வளவு

பெரிய மாமா அந்தப் பழைய வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு விசாரணைக்கு வந்திருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் அளந்து வரைந்தது. கட்டைபறிச்சானுக்கு அப்பால் உள்ள எங்கள் ஊர் அதில் உள்ளங்கை அளவுதான். வயல்களுக்கு இளம்பச்சை, மேட்டு நிலத்துக்குப் பழுப்புக் கோடுகள், குளத்துக்கு நீலம். அந்த நீலத்துக்குள் அம்மாவின் வீடிருந்த வளவு கிடந்தது.

குளத்தை ஆழமாக்கப் போகிறார்கள், எல்லைக்குள் இருக்கும் வீடுகள் எழும்ப வேண்டும் என்று அறிவித்ததும் அம்மா தன் அண்ணனிடம்தான் ஓடினாள். அப்பா இறந்த பிறகு அவளுக்கிருந்த துணை அவர். "நான் வந்து கதைக்கிறன், நீ வாய் திறக்காத" என்றிருந்தார்.

இப்போது வரைபடத்தில் விரலை வைத்து அதிகாரியிடம் சொன்னார்: "பாருங்கோ ஐயா, தங்கச்சியின்ர வீடு குளத்துக்குள்ளதான்."

அம்மா திகைத்துப்போனாள். "அண்ணன், இது அப்பா தந்த சீதன வளவு. நீங்கள்தானே கதியால் வேலி போட்டு எல்லை காட்டினது?"

"அப்ப எனக்குத் தெரியாது."

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "என்ர கிணறு அதில இருக்கா, ஐயா?"

அவர் குனிந்து தேடினார். "இல்லையம்மா."

"தண்ணிக்குள்ள ஆர் கிணறு வெட்டுறது?" என்று மாமா சிரித்தார். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

குளம் தூர்ந்து அந்தப் பக்கம் மேடாகி எத்தனையோ காலம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "பழைய எல்லைதான் எல்லை, பிள்ளை" என்றார் அதிகாரி.

வீட்டை உடைக்கப் பெக்கோ இயந்திரம் வருவதற்கு முன்பே மாமா ஆட்களோடு வந்து ஓடுகளைக் கழற்றினார். "உடைச்சா வீணாத்தானே போகும்." அம்மா அப்போது குசினியில் இருந்தாள். வெயில் நேரே அடுப்பில் விழுந்தது. வந்தவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தாள். மாமா மீன்கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கதவுகளையும் ஏற்றிக்கொண்டு போனார்.

நாங்கள் திருகோணமலை டவுனில் ஒரு அறைக்கு வந்தோம். குளத்தை மற்றப் பக்கம்தான் ஆழமாக்கினார்கள். எங்கள் பக்கம் ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. மாமா அந்த நிலத்தைப் பக்கத்திலிருந்த தன் வயலோடு சேர்த்து உழுதார்.

முறைப்பாடு செய்வோம் என்றேன். "செய்தா வீடு வருமோ?" என்றாள் அம்மா.

அறுவடை முடிந்ததும் ஒரு லொறிக்காரர் அரிசி மூட்டையொன்றை இறக்கினார். "உங்கட வளவில விளைஞ்சதாம். அண்ணன் சொல்லச் சொன்னவர்."

திருப்பி அனுப்பச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. சுளகில் போட்டுக் கல் பொறுக்கி, உலை வைத்தாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்ல அரிசி" என்றாள்.

நான் பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கிச் சாப்பிட்டேன்.