இரண்டு மரக்கறிச் சாப்பாடு

குன்னூரில் காலை பத்து மணிக்கே கடை வாசலில் 'சாப்பாடு தயார்' என்று பலகை வைத்துவிடுகிறார்கள். உள்ளே போய்க் கேட்டால், "பன்னண்டரை ஆகுமுங்க" என்கிறார்கள். நோர்வேயில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டவனுக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அங்கே தயார் என்றால் தயார்தான். ஆனால் நாள் முழுக்கக் கார் ஓட்டினாலும், ரொட்டிக்குள் சொசேஜைச் செருகிய பொல்சேயைத் தவிர வழியில் பெரிதாக ஒன்றும் அகப்படாது. ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில், "இறைச்சி வேண்டாம்" என்றேன். விற்ற பெண் முகம் மலர்ந்து, "கோழி இருக்கிறதே" என்றாள்.

என் அக்கா குன்னூருக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். நாங்கள் பிறந்தது இலங்கை மலையகத்தில். தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய இரு நாட்டு ஒப்பந்தத்தில் அவர் புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். நான் அங்கேயே நின்று, சண்டைக் காலத்தில் நோர்வேக்குப் போனேன். இத்தனை வருடத்தில் என் செலவில் அவர் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. மறுநாள் எனக்கு விமானம். ஆகவே வாடகைக் கார் பிடித்து, ஊட்டி வரைக்கும் போய், வழியில் நல்ல கடையாகப் பார்த்து அவரை உட்காரவைத்துச் சாப்பிடவைப்பது என்று கிளம்பினேன்.

பந்திக்கு முந்து என்பார்கள். அக்கா பந்திக்கே வருவதாக இல்லை. குன்னூரில் என் தொலைபேசி நாலரை நட்சத்திரம் காட்டிய கடையை எட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டமா இருக்கு தம்பி" என்றார். லவ்டேல் பக்கத்தில் ஒன்று காலியாகக் கிடந்தது. "ஆளே இல்லியே, நேத்து வச்சதத்தான் குடுப்பாங்க." மூன்றாவது கடையில் படி உயரமாம். எனக்கு எரிச்சல் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர், மேசை நாற்காலிக்குக் கூச்சப்படுகிறார் என்று நானாகவே முடிவுகட்டினேன். அது பிழை.

ஊட்டிக்குச் சற்று முன்னால், வாசலில் லாரிகள் நின்ற ஒரு தகரக்கூரை மெஸ்ஸைக் கண்டதும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். வேறு வழியில்லாமல் அவரும் வந்தார். அன்று வெள்ளிக்கிழமை, அக்கா மாமிசம் தொடமாட்டார். பரிமாறுகிறவரிடம் நானே முந்திக்கொண்டு, "ரெண்டு மரக்கறிச் சாப்பாடு" என்றேன். இலங்கையில் காய்கறிக்கு அதுதான் பெயர்.

பரிமாறுகிறவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "மான்கறியெல்லாம் இங்க கெடையாதுங்க சார். ஃபாரஸ்ட்காரங்க காதுல விழுந்தா கடைய மூடிருவாங்க."

"மான் இல்லை, மரம். மரக்கறி" என்று உரக்கச் சொன்னேன். பக்கத்து மேசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"வெஜ் மீல்ஸ் ரெண்டுங்க. பொரியல் கொஞ்சம் சேத்து வைங்க" என்றார் அக்கா, பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவரைப் போல. ஆள் போனதும், இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னார். "வந்த புதுசுல நானும் மரக்கறின்னுதான் கேட்டேன். கடையே சிரிச்சுச்சு. அப்புறம் நான் கடையில உக்காந்து சாப்புட்டதே இல்ல தம்பி. இன்னிக்கு உன்னப் பாத்துச் சிரிப்பாங்கன்னுதான் வேணாம் வேணாம்னேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து அவரைக் கவனித்துக்கொள்வது நான் என்று நினைத்திருந்தேன். சாம்பார் நன்றாக இருந்தது. அக்கா இரண்டாம் தரமும் சோறு வாங்கினார். அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

ரசத்தோடு சமையலறையிலிருந்து கடைக்கார அம்மா வந்தார். "ஏனுங்க, சாருக்கு எந்த ஊருங்க?" என்று அக்காவிடம் விசாரித்தார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில்கள் நிறைய. நோர்வேயில் நான் இலங்கைக்காரன். இலங்கையில் எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே சிலோன்காரர். எதைச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், "என் தம்பிங்க. எங்க ஊட்டுக்குப் பக்கத்துலயேதானுங்க இருக்கறான்" என்றார் அக்கா, கண் இமைக்காமல்.

அந்த அம்மா நம்பிவிட்டார். "அப்பிடிங்களா" என்று என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்றார். வாயைத் திறந்தால் என் இலங்கைப் பேச்சில் அக்காவின் பொய் உடைந்துவிடும். தலையை ஆட்டினேன். அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்லவேண்டிய இடத்திலும் பேசாமல், இலையை விட்டு வழியத் தொடங்கிய ரசத்துக்கு மேல் கையை விரித்துக் காட்டினேன்.