கருப்பசாமிக்கு நான் திறந்த கண்

எனக்கு வயது எண்பத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, பிரசவத்தில் செத்துப்போன என் தங்கையின் மகன். ஒருவரும் சோடை போகவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். நான்காவது மகளோடு நெதர்லாந்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இங்கே தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு யாரும் திரை போடுவதில்லை. சாப்பிடுவது, துணி மடிப்பது, புருஷன் பெண்டாட்டி முறைத்துக்கொள்வது எல்லாம் தெருவுக்குத் தெரியும். ஆனால் போகிறவர் ஒருவரும் உள்ளே திரும்பிப் பார்ப்பதில்லை. திண்டுக்கல்லில் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாலும் சந்து வழியாகப் பத்துக் கண் எட்டிப் பார்க்கும். நான் பழக்கதோஷத்தில் பார்த்துவிடுவேன். "அம்மா, உத்துப் பாக்காத, வா" என்று மகள் கையைப் பிடித்து இழுப்பாள்.

போன மாதம் பக்கத்து வீட்டு மெவ்ரவ் காபி குடிக்க வந்தாள். மெவ்ரவ் என்றால் இங்கே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. சுவரில் இருக்கும் என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து யாரென்று கேட்டாள். தாத்தா ஒரு குன்ஸ்தநார், சிற்பக் கலைஞர் என்று பேத்தி மீனா பெருமையாகச் சொன்னாள். அவர் செய்தது எந்த மியூசியத்தில் இருக்கிறது என்று கேட்டாள் அந்த அம்மாள். "வடமதுரைப் பக்கம், காட்டுல நிக்கிது" என்றேன். மீனா மொழிபெயர்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். திறந்தவெளி மியூசியமா, திங்கட்கிழமை விடுமுறையா என்று விசாரித்தாள். "எங்க சாமிக்கு லீவே கெடையாதுன்னு சொல்லு" என்றேன். பிறகு படத்தில் அவருடைய வலது கையைக் காட்டினாள். இரண்டு விரல் நசுங்கி உள்ளே மடங்கியிருக்கும். மெஷினில் மாட்டிக்கொண்டது என்றாள் மீனா. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பொய்யை அறுபது வருஷமாக வீட்டில் ஓட விட்டவளே நான்தான்.

அவரை ஊரில் பர்மாக்காரர் என்பார்கள். பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை, எழுதவும் கை வரவில்லை. பர்மாவில் பிறந்தவர். அப்பன் அரிசி மில் கூலி. சின்ன வயசிலேயே பகோடாக்களில் புத்தர் செய்கிற ஒரு பர்மியக் கொத்தனாரிடம் கையாளாகச் சேர்ந்திருக்கிறார். சண்டைக் காலத்தில் குண்டு விழுந்தபோது பதினான்கு வயசு. தாயோடு காடு மலை தாண்டி நடந்து வந்தார். தாய் பாதி வழியோடு சரி. திண்டுக்கல்லில் மாமன் இருக்கிறார் என்று தேடி வந்தால் மாமன் செத்து வருஷமாகியிருந்தது. தோல் பதனிடுகிற ஷாப்பில் கூலிக்கு நின்று, பிறகு கோயில்களுக்குச் சுதை வேலை செய்கிறவர்களோடு சேர்ந்தார். எனக்குப் பதினாறு வயசானபோது என்னை அவருக்குக் கொடுத்தார்கள். "ஊரு இல்ல, ஒறவு இல்ல, போயும் போயும் பர்மாக்காரனுக்கு" என்று என் சித்தி பந்தலிலேயே சொன்னாள். அந்தச் சித்தியின் புருஷன் அவளைக் கட்டையால் அடிப்பான். என் வீட்டுக்காரர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குழைத்த சுண்ணாம்பை அப்படியே போட்டுவிட்டு வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பிள்ளைகள்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் அடித்தேன். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்துக் கொடுப்பது என் வேலை. பார்த்துப் பார்த்தே அவர் கைப்போக்கு எனக்கும் படிந்துவிட்டது.

வடமதுரைக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே கருப்பசாமி செய்யக் கூப்பிட்டார்கள். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு, கையில் அரிவாள். எங்கள் பக்கத்தில் கண்ணைத்தான் கடைசியில் திறப்பது வழக்கம். துணி கட்டி மறைத்து, செய்தவர் மட்டும் உள்ளே போய்த் திறக்க வேண்டும். அவரும் அப்படித்தான் திறந்தார். துணி விலகியதும் ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. காவல் சாமி என்றால் கண் பிதுங்கி முழித்துக்கொண்டு இருக்க வேண்டாமா? இவருடைய கருப்பு, புத்தரைப் போல இமை தாழ்த்தி, பாதிக் கண்ணோடு நின்றது. "என்னப்பு, சாமி சொக்கிப்போயி நிக்கிது?" என்றது ஒரு குரல். பூசாரி சமாளித்தார். "நீ படைக்கிற சாராயத்துக்கு வேற எப்பிடி நிக்கும்?" சிரிப்போடு அன்று முடிந்தது.

இங்கே டிவியில் அடிதடி வந்தால் மகள் சட்டென்று மாற்றிவிடுகிறாள். அம்மா பயந்துவிடுவாளாம். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கருப்புக்குக் கண் திறந்து ஒரு மாதம் ஆகவில்லை, அந்தச் சாமியின் காலடியிலேயே கொலை விழுந்தது. கிணற்றுத் தண்ணீர் முறையில் பங்காளிகளுக்குள் தகராறு. வெள்ளைச்சாமி என்பவருடைய தம்பியைப் பட்டப்பகலில் பீடத்தோடு சாய்த்து வெட்டினார்கள். ரத்தம் சாமி காலில் ஏறி நின்றதாம். மூன்றாம் நாள் வெள்ளைச்சாமி ஐந்தாறு ஆட்களோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"எங்கடா பர்மாக்காரன்? காவலுக்கு வச்ச சாமியத் தூங்க வச்சுட்டு இங்க சோறு திங்கிறியா?"

இழுத்து வண்டியில் போட்டார்கள். உளிப் பையையும் சுண்ணாம்புப் பானையையும் கூடவே ஏற்றினார்கள். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். இறங்கு என்றார்கள், இறங்கவில்லை.

பீடத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. "கண்ணத் தொற. இல்லன்னா கை இருக்காது" என்றார் வெள்ளைச்சாமி. என் வீட்டுக்காரர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னார். "பர்மாவுலேருந்து நடந்து வாரப்ப வழி நெடுகச் செத்துக் கெடந்தாக. அம்புட்டுப் பேருக்கும் கண்ணு தெறந்தே கெடந்துச்சுண்ணே. எங்காத்தா கண்ண நாந்தேன் மூடுனேன். முழிச்ச கண்ணு எங் கையில வராது. என்னைய விட்ருங்க."

"எந் தம்பியும் கண்ணு மூடாமத்தேன்யா செத்தான்!" என்று அந்த மனுஷன் அலறினார். அலறிக்கொண்டே என் வீட்டுக்காரருடைய வலது கையைப் பிடித்துப் பீடத்தில் வைத்து, அரிவாளின் மொன்னைப் பக்கத்தால் அடித்தார். ஓட்டுச்சில் மிதிபட்டது மாதிரி ஒரு சத்தம். இரண்டு விரல். அவர் கையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச்சாமி அரிவாளைக் கூர்ப்பக்கம் திருப்பினார்.

பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு உளியை எடுத்தேன்.

"பொம்பள கை படக் கூடாது, தாயி" என்று பூசாரி குறுக்கே வந்தார். "அப்ப நீரு தெறயும். தெரியுமா ஒமக்கு?" என்றேன். ஒதுங்கிவிட்டார். என் புருஷன் என்னை நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். நான் பார்க்காதது போல ஏறிவிட்டேன். சாரம் இல்லை, வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி அதன்மேல் நின்றேன். அவர் ஒரு வாரம் இழைத்த இமையை ஆறு அடியில் உதிர்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் கீழே பிள்ளை வீறிட்டது. ஈரச் சுண்ணாம்பை உருட்டி வைத்து, விளக்குக் கரியால் கருமணி போட்டேன். கருப்பு முழித்தது. வெள்ளைச்சாமி அரிவாளைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "இப்பப் பாரு சாமி, எந் தம்பியப் பாரு" என்று மண்ணைப் பிறாண்டி அழுதார். அவர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஆனால் அந்த அழுகை பொய்யில்லை.

பெண் தொட்டது வெளியே போகக் கூடாது என்று பூசாரி எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். அடிக்குப் பயந்து பர்மாக்காரனே திறந்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டது. வீட்டில் பிள்ளைகளிடம் மெஷினில் மாட்டிக்கொண்டது என்று நான் சொல்லிவிட்டேன். திரும்பி வருகிற வழியில் என் முந்தானையைக் கிழித்து அவர் கையைக் கட்டினேன். வெகுதூரம் வந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "கருமணிய ஒரு நூலு மேல வச்சுட்டத்தா." அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மிச்சம் மூன்று விரலால் கடைகளுக்குப் போர்டு எழுதி ஆறு பிள்ளைகளையும் ஆளாக்கினார். இன்னொரு சாமி செய்யவே இல்லை. அவர் கையைக் காப்பாற்றினேனா, அவர் வேலையைக் கொன்றேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் போனபோது கண் பாதி மூடியபடி இருந்தது. "முழுசா மூடுங்க" என்றார்கள். நான் விடவில்லை. அப்படியேதான் அனுப்பினேன்.

வருஷா வருஷம் வர்ணம் அடிக்கிறார்களாம், கண்ணை மட்டும் மாற்றவில்லையாம். உடம்பும் அரிவாளும் அவர் செய்தது, கண் நான் வைத்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காட்டில் ஒரே சாமியாக நிற்கிறோம். என் கால் மட்டும் இங்கே நனைந்த ரோட்டில் நடக்கிறது. மீனா, இங்கே வா. எழுத்துப் பிழை இருக்கும், சிரிக்காதே. சத்தமாகப் படித்துக் காட்டு, தாயி. நான் உளியை எடுத்த இடம் வந்ததும் நிறுத்தாதே, என் முகத்தையும் பார்க்காதே. படி.