ஒயின் பாரில் ஒரு பிடிவாதக்காரி

ஒயின் பாரில் வேலை என்றால் பாட்டிலைத் திறப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி வேலை, வாடிக்கையாளர் வாயைத் திறக்கும்போது நம் வாயை மூடிக்கொள்வது. அந்தப் பாதி எனக்கு வரவே இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கி, சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்த அன்பர்களே, நீங்கள் பேங்கில் நின்றாலும் பேக்கரியில் நின்றாலும் நாமெல்லாம் ஒரே கட்சி. கேளுங்கள்.

சொல்லக் கூடாத வார்த்தை

மலேசியாவில் கிள்ளானில் பிறந்த நான் கல்யாணமாகி நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்கு வந்தேன். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஒரு சின்ன ஒயின் பாரில் சேர்ந்தேன். முதலாளி கிரெக் முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார். வாடிக்கையாளரிடம் 'தெரியாது' என்று மட்டும் சொல்லக் கூடாது. வாயில் வந்ததைச் சொல், ஆனால் நம்பிக்கையோடு சொல். என்னோடு வேலை பார்த்த டெய்லர் இதில் கெட்டிக்காரன். எந்தச் சிவப்பு ஒயினைக் கேட்டாலும் "செர்ரி வாசனை, கொஞ்சம் புகை" என்பான். ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்திருந்த வாரத்திலும் அதையேதான் சொன்னான்.

ஒருநாள் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் புதிதாக வந்திருந்த போர்ச்சுகல் ஒயினைக் காட்டி, எப்படி இருக்கும் என்று கேட்டார். கிரெக் இரண்டடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செர்ரியும் புகையும் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. விழுங்கிவிட்டு, "தெரியாது சார். நான் இன்னும் குடிச்சுப் பார்க்கல. திறக்கிறேன், ரெண்டு பேருமா ருசி பார்ப்போம்" என்றேன். கிரெக்கின் காது சிவந்தது. தாடிக்காரர் ஒரு வாய் குடித்தார், நான் ஒரு வாய் குடித்தேன். எனக்குப் புளிப்பாக இருந்தது. அவருக்குப் பிடித்திருந்தது. அந்த பாட்டிலையே வாங்கிக்கொண்டு, கிரெக் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இத்தனை வருஷமா இங்க வர்றேன். பொய் சொல்லாத ஆளை இப்பதான் வேலைக்கு எடுத்திருக்கீங்க."

ஈர அட்டைப்பெட்டி

இந்த ஊர் ஒயினுக்குப் பெரும்பாலும் திருகு மூடிதான். தக்கை போட்டு வெளியூரிலிருந்து வருகிற பாட்டிலில்தான் சில சமயம் வம்பு. தக்கை கெட்டால் ஒயினும் கெட்டுவிடும். மகளின் பிறந்தநாளுக்கு வந்த ஓர் அம்மா கிளாஸை முகர்ந்துவிட்டு, தயங்கித் தயங்கி, "இது இப்படித்தான் இருக்குமா?" என்றாள். தனக்குத்தான் ஒயின் தெரியவில்லை என்ற கூச்சம் அவள் முகத்தில் இருந்தது. கிரெக் என் காதில், "அந்த ஒயினோட குணமே அதுதான்னு போய்ச் சொல்லு" என்றார்.

நான் முகர்ந்தேன். மழையில் நனைந்து கராஜில் கிடந்த அட்டைப்பெட்டி வாசனை. "நீங்க சரி, ஒயின்தான் தப்பு" என்று அந்த அம்மாவிடம் எல்லார் காதிலும் விழச் சொல்லி, வேறு பாட்டில் திறந்து கொடுத்தேன். கிரெக் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "நீ யார் பக்கம்?" என்று பல்லைக் கடித்தார். கையிலிருந்த கிளாஸை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கிளாஸைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்:

"இதை என் மாமியாருக்குக்கூடக் கொடுக்க மாட்டேன்."

கோயில் வரிசையில்

என் வீட்டுக்காரருக்கு ஒரே கவலை: யாராவது கேட்டால் 'ரெஸ்டாரன்ட்' என்று சொல்லிவிடு. கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் கேட்டே விட்டார். "நீர் பாரிலயோ வேலை செய்யிறீர்? பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறனீர்?" வீட்டுக்காரர் என் முழங்கையை இடித்தார். முன்னால் நாலு பேர், பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லார் காதும் எங்கள் பக்கம்தான். "ஆமா ஆன்ட்டி, ஒயின் பார்தான். இப்ப மேனேஜர் லைசென்ஸும் எடுத்துட்டேன். பிள்ளைகிட்டயும் அதையேதான் சொல்றேன்" என்றேன், சாம்பார் ஊற்றுகிறவருக்கும் கேட்கும்படி. வீட்டுக்காரர் தன் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வரிசையை விட்டு நழுவினார்.

சில மாதம் கழித்து அதே ஆன்ட்டி எங்கள் கடை வாசலில். அவர் மகள் கட்டிக்கொள்ளப்போகிற பையன் வெள்ளைக்காரன்; அவனுடைய பெற்றோர் சந்திக்கக் கூப்பிட்ட இடம் இதுதான். என்னைக் கண்டதும் ஆன்ட்டிக்குக் கால் நகரவில்லை. "வாங்க ஆன்ட்டி!" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்தேன். சம்பந்தியம்மாள் ஒயின் அட்டையை நீட்ட, ஆன்ட்டி அதைத் தலைகீழாகப் பிடித்தார். "ஆன்ட்டிக்கு இஞ்சி, எலுமிச்சை போட்டு ஒரு சோடா கொண்டு வரவா?" என்று நான் குனிந்து கேட்டபோது, என் காதில் சொன்னார்:

"பிள்ளை, இனிப்பாய் ஏதும் ஒயின் இருந்தா சின்னக் கிளாஸிலை தாரும், கோயிலிலை மட்டும் கதைச்சுப் போடாதையும்."

சுவரில் என் பெயர்

இந்த நாட்டில் மது விற்கிற நேரமெல்லாம் லைசென்ஸ் வாங்கிய மேனேஜர் ஒருவர் கடையில் இருக்க வேண்டும். அவர் பெயரைச் சுவரில் மாட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாட்டியிருந்தது என் பெயர். எங்கள் பெரிய வாடிக்கையாளர், ஒரு வீட்டு புரோக்கர், நண்பர்களோடு வந்து குடித்து, நிற்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பாட்டில் கேட்டார். தண்ணீர் ஜாடியும் ஒரு தட்டு சிப்ஸும் கொண்டுபோய் வைத்து, "இன்னைக்கு இதுக்கு மேல ஒயின் கிடையாது சார்" என்றேன்.

கடை முழுக்க அடங்கும்படி கத்தினார். "வந்த இடத்துக்கே திரும்பிப் போ!"

"வந்த இடம் த்ரீ கிங்ஸ்தான் சார், இங்கேருந்து ரெண்டே ஸ்டாப். ஷிஃப்ட் முடிஞ்சதும் பஸ் பிடிச்சுப் போயிடுவேன்" என்றேன்.

கிரெக் ஓடி வந்தார். "ஒரே ஒரு பாட்டில்தானே, கொடுத்துடு." நான் சுவரிலிருந்து என் பெயர்ப் பலகையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். "நீங்களே ஊத்துங்க. நான் கிளம்பறேன்." கிரெக்கிடம் லைசென்ஸ் கிடையாது. நான் கிளம்பினால் கடையில் யாருக்கும் ஒரு சொட்டு விற்க முடியாது. நிரம்பிக் கிடந்த மேஜைகளையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு பலகையை எடுத்து அவரே திரும்ப மாட்டிவிட்டு, புரோக்கருக்கு டாக்ஸி கூப்பிட்டார்.

இனி அந்த ஆள் வரமாட்டார், என் வேலையும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. போன வாரம் தனியாக வந்தார், தெளிவாக இருந்தார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. நான் போய் நின்றதும், மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு வச்ச சிப்ஸ் நல்லா இருந்துச்சு. முதல்ல அதைக் கொண்டு வாங்க, மேடம்."

பிரெஞ்சுத் திராட்சைகளின் பெயர்கள் இன்னும் எனக்குச் சரியாக உச்சரிக்க வரவில்லை. 'முடியாது' என்பது மட்டும் எந்த பாஷையில் சொன்னாலும் தெளிவாக வந்துவிடுகிறது.