சித்தப்பாவின் வெளிச்சத் துப்பாக்கி

நாற்பத்திரண்டாம் வருஷம், மழைக்காலம். மைசூரில் லஷ்கர் மொகல்லாவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்கு ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். யாரிடமும் தயங்காமல் பேசுகிறவள் என்று எனக்குப் பெயர். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

என் சித்தப்பா கல்யாணமே செய்துகொள்ளாதவர். முதல் யுத்தத்தில் மகாராஜாவின் குதிரைப்படையோடு கப்பலேறி எகிப்துப் பக்கம் போய் வந்தவர். அந்த வருஷம் அவர் காலமானார். தன் தகரப் பெட்டி எனக்குத்தான் என்று எழுதி வைத்திருந்தார். திறந்து பார்த்தால் இரண்டு காக்கிச் சட்டைகள், குதிரைக்கு உடம்பு தேய்க்கிற பிரஷ், படையிலிருந்து விலகிய சீட்டு. அடியில், கம்பளித் துணியில் சுற்றிய ஒரு துப்பாக்கி.

அந்த மாதிரி துப்பாக்கியை நாங்கள் பார்த்ததே இல்லை. குழல் குட்டையாக, பித்தளையில், என் கட்டைவிரல் தாராளமாக உள்ளே போகும் அளவுக்கு அகலமாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆழத்தில் வெளுப்பாக அட்டை போல ஏதோ தெரிந்தது. தூசி போகாமலிருக்கச் சித்தப்பா அடைத்து வைத்திருக்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

கணவர் பயந்துவிட்டார். பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த மாதங்களில் ஊரெல்லாம் ஊர்வலம், கதவடைப்பு, கைது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளைப் போலீஸார் சோதனை போட்டிருந்தார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி அகப்பட்டால் இருவர் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு.

"பேசாம குக்கரஹள்ளி ஏரியில போட்டுட்டு வந்துடலாம்," என்றார்.

"எதுக்குங்க போடணும்? நாம என்ன திருடிட்டா வந்தோம்? சித்தப்பா எனக்குன்னு குடுத்தது. முறைப்படி எழுதி வாங்கி வெச்சுக்கிறேன்," என்றேன்.

மறுநாள் காலை அதைத் துடைத்து எண்ணெய் போட்டேன். வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசை வந்தது. பின்னாலிருந்த சுத்தியல் போன்ற பாகத்தை இழுத்து நிறுத்தி, விசையை அழுத்தினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். எதிரே ஜன்னலோரம் முகம் மழித்துக்கொண்டிருந்த கணவர் திடுக்கிட்டதில் கன்னத்தில் கத்தி பட்டு ரத்தம் வந்தது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினார்.

"உள்ள ஒண்ணும் இல்லைங்க. நான் பார்த்துட்டேன்," என்றேன்.

அதே நம்பிக்கையோடுதான் அதை ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்ததும் இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் யார், இது எப்படி வந்தது என்று கன்னடத்தில் எல்லாம் சொன்னேன். "இல்லே பிட்டு ஹோகி," என்றார். இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்.

"விட்டுவிட்டுப் போகிறேன். ஆனால் ரசீது வேண்டும். லைசென்ஸுக்கு மனு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்," என்றேன்.

அவர் மனுவைப் படித்தார். ஒரு பெண் தானாகவே கொண்டுவந்து கொடுக்கிறாளே என்று கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். "மனுவில் 'துப்பாக்கி' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்களே. என்ன வகை? எனக்கே தெரியவில்லை. பெயர் தெரியாத ஆயுதத்துக்கு யார் லைசென்ஸ் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். குழலைத் திறக்கப் பார்த்தார், தாழ் இறுகிப்போயிருந்தது. உள்ளே குண்டு இருக்கிறதா என்றார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கான்ஸ்டபிளைத் துணைக்குக் கொடுத்து நஜர்பாத்தில் ஆயுதங்கள் பழுதுபார்க்கிற இடத்துக்கு அனுப்பினார். ஜட்கா வண்டியில் பை என் மடியில்தான் இருந்தது. வழியெல்லாம் குண்டும் குழியும்.

அங்கே துப்பாக்கி மேஸ்திரி ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் கான்ஸ்டபிளிடம் பேசிய கன்னடத்திலேயே என்னைத் தமிழ்க்காரி என்று கண்டுபிடித்துவிட்டார்.

"நானும் தமிழ்தானுங்க, கொள்ளேகால் பக்கம். எங்கீங்க, அதைக் குடுங்க," என்று வாங்கினார். தாழில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் மெல்லத் தட்டினார். குழல் முன்பக்கம் மடிந்து திறந்தது. உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, சித்தெ தள்ளி அந்தச் செவுத்தோரம் போய் நில்லுங்க."

விரலால் மெதுவாக ஒரு தடித்த தோட்டாவை உருவி எடுத்தார். நான் அட்டை என்று நினைத்தது அதன் முன்பக்க மூடி. அதைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் ஊசி குத்தினாற்போல் ஒரு சின்னப் பள்ளம்.

"ஆராச்சும் இந்த விசையை அழுத்தினாங்களா?"

சித்தப்பா அழுத்தியிருக்கலாம், எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பொய் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் பள்ளம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. ஜன்னலோரம் மழித்துக்கொண்டிருந்த கணவர் முகம் கண்முன் வந்தது.

"நான்தான். இன்னிக்குக் காலையில. வீட்டுக்காரர் எதிர்லேயே இருந்தார்," என்றேன்.

அவர் திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். "பழைய மருந்துங்க, ஈரம் பட்டிருக்கும். அதான் புடிக்கலை. இது ஆளைச் சுடற துப்பாக்கி இல்லீங்க. வெளிச்சத் துப்பாக்கி. சண்டையில ராத்திரி நேரத்துல மேல சுட்டுச் சைகை காட்டறது. செவப்பு, பச்சைன்னு எரியும். ஆனா ஊட்டுக்குள்ள வெடிச்சா, குண்டே தேவலாம்."

பின்புறத்து மைதானத்தில், தோட்டாவைப் பக்குவமாக அறுத்து, உள்ளிருந்த மருந்தை மணலில் வைத்தார். நீள மூங்கிலின் நுனியில் பந்தம் கட்டி எட்ட நின்று பற்ற வைத்தார். பட்டப்பகலில் எதிர்ச்சுவர் முழுவதும் சிவந்துபோயிற்று. கான்ஸ்டபிள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது அணையவில்லை. தண்ணீர்தான் சீறியது.

அடுத்து இன்னொரு சங்கடம். குழலைத் துடைத்துப் பார்த்த மேஸ்திரி, அம்பு போன்ற ஒரு முத்திரையைக் காட்டினார். அது சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளமாம். அப்படியானால் சித்தப்பா படையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாரா?

"அவசரப்படாதீங்க," என்று சாம்பல் தொட்டுத் தேய்த்தார். களிம்பு போகப் போக, முதல் அம்பின் முனையைத் தொட்டபடி எதிர்ப்பக்கமிருந்து இரண்டாவது அம்பு ஒன்று தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது. "இப்படி முனைக்கு முனை ரெண்டு அம்பு இருந்தா, வேண்டாம்னு சர்க்காரே வெளிய வித்துட்டாங்கன்னு அர்த்தமுங்க. உங்க சித்தப்பா நாயமாத்தான் வாங்கியிருக்காரு."

நான் அழுதது அப்போது மட்டும்தான்.

துப்பாக்கியின் வகை, எண், இரண்டு அம்புகள், தோட்டா இருந்து எடுக்கப்பட்டது எல்லாவற்றையும் ஒரு தாளில் கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளும் சித்தப்பாவின் படைச்சீட்டும் இன்ஸ்பெக்டரின் குறிப்போடு டெபுடி கமிஷனர் கச்சேரிக்குப் போயின. மூன்று முறை நடந்தேன். எதற்காக வேண்டும், தற்காப்புக்கா, வேட்டைக்கா என்று அங்கே கேட்டார்கள். "இரண்டுக்கும் இல்லை. என் சித்தப்பாவின் நினைவுக்கு," என்றேன். அதிகாரி சிரித்துவிட்டார். சுடமுடியாதபடி உள்ளே தோட்டாவைக் குத்தும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும், தோட்டா வைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு என் பெயருக்கே லைசென்ஸ் வந்தது. ஊசியைக் கழற்றியதும் அதே மேஸ்திரிதான்.

கணவரிடம், மேஸ்திரியைப் பார்த்த அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கன்னத்துக் காயத்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். பிறகு, "இனிமே எதையாவது சோதிக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு, நான் கடைத்தெருவுக்குப் போயிடறேன்," என்றார். இருவரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகும் நான் தைரியமாகத்தான் பேசுகிறேன், அது என் சுபாவம். ஆனால் அன்று அந்த மேஸ்திரிக்கு முன்னால் பொய் சொல்லியிருந்தாலும் லைசென்ஸ் கிடைத்திருக்கும், என் சொல்லை நானே நம்புகிற தைரியம்தான் என்னை விட்டுப் போயிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.